நுரைக்கு வாங்கிய அடி

அக்கா,

இன்று காலை பாச்சலூர் பேருந்தில் என் பக்கத்தில் ஒருவர் மூட்டையோடு வந்து உட்கார்ந்தார். மூட்டையில் காப்பிப் பழத்தோல். எருவுக்குக் கொண்டுபோகிறாராம். இரண்டு மூன்று நாள் ஊறிய தோல். அந்தப் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியதுதான் தாமதம். "மூட்டையை அங்கிட்டுக் கொண்டு போய்யா!" என்று கத்திவிட்டேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. அந்த மனுஷன் பாவம், "வருசா வருசம் கொண்டு போறதுதானுங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டு பின்னால் எழுந்துபோனார். இறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு அறை வரைக்கும் வந்துவிட்டது. குளித்தும் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனாலும் எந்தக் காகிதம் வந்தாலும் "நீயே வாசி தம்பி, எனக்கு வேலை கெடக்கு" என்று என்னிடம் நீட்டுவீர்கள். இதையும் நானேதான் வாசித்துக்கொள்ள வேண்டும்.

உங்களை முதன்முதலில் பார்த்த அன்று நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். பதினெட்டு வீடு என்ற ஊரில் சைரன் கம்பம் நட வந்திருந்தேன். ஓடைக்கு இந்தக் கரையில் ஒன்பது, அந்தக் கரையில் ஒன்பது என்று வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு எப்போதோ கட்டிக் கொடுத்தவை. ஊருக்குப் பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றாமல் எண்ணிக்கையே பெயராகிவிட்டது. நான் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பிறந்தவன். அப்பா டூரிஸ்ட் டாக்சி ஓட்டினார். மலை என்றால் ஏரியும் படகும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஜாதி. ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், கொடைக்கானலுக்குக் கீழே இருக்கும் மலையில் ஓடைகள் ஆளை அடித்துக்கொண்டு போகும் என்பதே எனக்குத் தெரிந்தது.

கம்பத்தை மேட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நடுவதாகத் திட்டம். நீங்கள் கையில் முறத்தோடு ஏறி வந்தீர்கள்.

"மேட்டுல இருக்கிறவனுக்கு எதுக்குடா சங்கு? அவன் என்னா முழுகவா போறான்? பள்ளத்துல வையி. என் வீட்டு வாசல்ல வையி."

"தண்ணி வந்தா கம்பம் போயிருமேக்கா."

"கம்பம் போனா இன்னொண்ணு நட ஏலும்."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஓடைக்கு மிக நெருங்கிய கடைசி வீடு உங்களுடையது. உள்ளே கட்டிலில் உங்கள் வீட்டுக்காரர். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் காலையில் காப்பிக் காட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் வீட்டிலேயே இருந்து மிளகு உதிர்ப்பீர்கள், கொட்டை பொறுக்குவீர்கள். பகலெல்லாம் ஊரில் இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். கம்பம் உங்கள் வாசலுக்கு வந்தது. கையால் ஊதுகிற சுவிட்சும் உங்கள் சுவரில்.

வேலை எளிதுதான். மேலே சில மைல் தள்ளி ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம். அதன் அடியில் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சென்சார் பெட்டி. தண்ணீர் ஏறினால் அது சொல்லும், உங்கள் வாசலில் சைரன் ஊதும். பாலத்தைத் தாண்டிய வெள்ளம் உங்கள் வீட்டுக்கு வர அரை மணி நேரம். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் நாலு ஆட்களைக் கூப்பிட்டு, மூங்கிலில் போர்வையைக் கட்டி, வீட்டுக்காரரை டோலியில் போட்டுவிட்டீர்கள். "தூக்குங்கடா. தம்பி, நீ போன்ல மணி பாரு." அவர் டோலிக்குள்ளிருந்து இடது கையால் எல்லாரையும் குத்திக்கொண்டே போனார். ஆட்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பள்ளிக்கூட மேட்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குப் போட்டீர்கள். அரை மணியில் இருபது போனால் பத்து. "பத்து போதும் தம்பி. பத்துல நான் மூணு தரம் செத்துப் பொழைப்பேன்" என்றீர்கள். அன்று எனக்குப் பால் விடாத சாயத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கிடைத்தன. காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்ததைப் பார்த்து, "கொடைக்கானல் நாக்கு, சாக்லேட்டுதான் தாங்கும்" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தீர்கள்.

முதல் முறை சைரன் ஊதியபோது எல்லாம் சொல்லி வைத்தபடி நடந்தது. காட்டிலிருந்து பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள், டோலி மேலே போனது. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. ஓடை சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நாம் இருவரும் என் பைக்கில் மேல் பாலத்துக்குப் போனோம். பாலத்துக்கடியில் ஆள் உயரத்துக்கு நுரை. பாலத்துக்கு மேலே இருக்கும் கொட்டகையில் காப்பிப் பழத்தை மெஷினில் போட்டுத் தோல் உரித்து, அந்தக் கழிவுநீரை அப்படியே ஓடையில் விட்டிருந்தார்கள். அது பாறையில் மோதி நுரைத்து, பாலத்தடியில் தேங்கி, உத்தரத்தைத் தொடுவதும் அமுங்குவதுமாக இருந்தது. சென்சார் நுரையின் தலையைத் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டது. நீங்கள் ஒரு கை நுரையை அள்ளி என் தலையில் வைத்தீர்கள். "ஒன் மெஷினு இட்லி மாவு பொங்கினாலும் ஊதும் போல" என்று சிரித்துச் சிரித்துப் பாலத்துச் சுவரில் சாய்ந்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோமோ தெரியவில்லை.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு முறை ஊதியது. இரண்டு முறையும் நுரை. காட்டை விட்டு ஓடிவந்தவர்களுக்கெல்லாம் அரைநாள் கூலி போயிற்று. மூன்றாவது முறை, ஓடப்போன ஒரு பெண்ணைத் தோட்டத்து மேஸ்திரி முடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறான். அவள் புருஷனுக்கும் மேஸ்திரிக்கும் கைகலப்பு. கடைசியில் இரண்டு தரப்பும் ஒன்றுசேர்ந்து, எல்லாவற்றுக்கும் காரணமானவனைத் தேடிக்கொண்டு கீழே வந்தன. நான் ஏணியில் நின்று சைரனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, எறங்குலே கீழ!" என்றான் மேஸ்திரி. "ஒன் ஊளையக் கேட்டு அம்புட்டுப் பேரும் சோலியப் போட்டுட்டு ஓடுறாளுக. ஒங்கப்பனா கூலி குடுப்பான்?"

"நுரைய ஓடையில விடாதீங்கன்னு கொட்டகையில சொல்லுங்க" என்றேன். எனக்கும் வாய் அதிகம்.

ஏணியை உருவிவிட்டார்கள். விழுந்த இடத்திலேயே மிதித்தார்கள். அதற்கு முன்னால் என்னை யாரும் அடித்ததில்லை, அக்கா. பள்ளிக்கூடத்தில்கூட. அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் மிதி வயிற்றில், மூச்சு நின்றுவிட்டது. உதடு கிழிந்தது. ஒருவன் என் முகத்தைச் சேற்றில் வைத்து அழுத்தினான். வாயெல்லாம் மண்ணும் ரத்தமும். அவர்களில் பாதிப் பேர் என்னோடு உட்கார்ந்து உங்கள் வீட்டில் ரொட்டி தின்றவர்கள். அதுதான் அதிகம் வலித்தது.

நீங்கள் கவாத்துக் கத்தியோடு வந்தீர்கள். காப்பிச் செடி கழிக்கிற அந்த வளைந்த கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் தட்டைப் பக்கத்தால் மேஸ்திரியின் முதுகில் ஒன்று வைத்தீர்கள். சத்தம் இன்னும் கேட்கிறது. அவன் துள்ளிக் குதித்தான். "அடுத்தது தட்டையில விழாது" என்றீர்கள். கூட்டம் பின்வாங்கியது. பிறகு என்னைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்: "ஒனக்குக் கையில்லையா? திருப்பி ஒண்ணு குடுக்க ஏலாதா?" நான் அழுதுகொண்டிருந்தேன். அன்றுதான் என்னை முதலும் கடைசியுமாக மடியில் சாய்த்துக்கொண்டீர்கள். வெந்நீர் வைத்து உதட்டைத் துடைத்தீர்கள். கட்டிலில் கிடந்த உங்கள் வீட்டுக்காரர் மேஸ்திரியின் தாயாரைப் பற்றிக் குழறிக் குழறி ஏதோ சொன்னார். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

மறுநாள் தோட்டத்து ஆபீசில் பேச்சு நடந்தது. கொட்டகைக்காரர்கள் நுரையை நிறுத்த முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரு குழி வெட்டிக் கழிவுநீரை அதில் விட்டால் முடிந்தது. ஆனால் யார் வெட்டுவது? சைரனை எடுத்துவிடு என்றான் மேஸ்திரி. எடுக்க மாட்டேன் என்றேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கைச்சுவிட்சைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மேஸ்திரியிடம் கொடுப்பது. யாரும் ஊதவிட்டுப் போய்விடாதபடி, அழுத்திப் பிடித்தால் மட்டும் ஊதுகிற சுவிட்சாக மாற்றுவது. கயிறு கட்டி வைக்க முடியாதபடி அதைச் சுவரில் தோண்டிய குழிக்குள் பதிப்பது. இது எல்லாவற்றுக்கும் தலையாட்டியது நான். பதித்ததும் நான்.

இன்னொன்றையும் செய்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். தண்ணீர் ஏறியதாகச் சென்சார் சொன்னாலும் சைரன் உடனே ஊதாது. கால் மணி நேரம் காத்திருக்கும். அதற்குள் மட்டம் இறங்கினால் அது நுரை என்று விட்டுவிடும். இறங்காவிட்டால் ஊதும். அவசரம் என்றால் நானே என் போனிலிருந்து ஊதலாம். உங்கள் சுவரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வைத்தேன். சென்சார் பார்த்த உடனே அது எரியும். கொடைக்கானல் ஆபீசில் இதைப் படம் போட்டு விளக்கினேன். எல்லாரும் பாராட்டி, மற்ற ஓடைகளிலும் இப்படியே வைக்கச் சொன்னார்கள். ஒருவர் "எலிகன்ட்" என்றார்.

உங்களிடம் சொன்னபோது நீங்கள் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தீர்கள். கை நின்றது.

"கால் மணி நேரத்தை எங்கேருந்துடா எடுத்த?"

"எங்கேருந்தும் எடுக்கலக்கா. மெஷின் கொஞ்சம் பொறுத்து..."

"எங்க வீட்டுக்காரரு டோலியிலேருந்து எடுத்திருக்க. அரை மணியில கால் மணி போனா மீதி என்னா? டோலிக்கு எத்தனை வேணும்? நீதானே மணி பார்த்த?"

நான் ஏதேதோ சொன்னேன். வெள்ளம் வரும்போது எப்படியும் மழை பெய்யும், தெரிந்துவிடும் என்றேன். நீங்கள் எழுந்து வந்து என் காலரைப் பிடித்தீர்கள். மிளகு வாசனை அடிக்கும் முஷ்டி என் தாடைக்குக் கீழே நின்றது.

"பயந்துட்ட. அவ்வளவுதான். அடிக்குப் பயந்துட்டு மெஷின் கதை கதைக்கிற."

"நீங்களா அடி வாங்குனீங்க? நான்தான வாங்குனேன்!" என்று கத்தினேன்.

"வாங்கு! நுரைக்கு நூறு தரம் வாங்கு. செத்தா போயிருவ?"

உங்கள் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன். பிறகு பத்து நாட்கள் உங்கள் பக்கமே வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் சொன்னதுதான் சரி. அந்தக் கால் மணி நேரம் பயத்தில் செய்தது. இரவில் படுத்தால் வயிற்றில் மிதி விழுவதுபோல் விழித்துக்கொள்வேன். இன்னொரு முறை அந்தக் கூட்டம் என்னைத் தேடி வருவதை நினைத்து, எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். அதை மறைக்கத்தான் படம் போட்டேன்.

அடுத்த வாரங்களில் என் போனுக்குத் தினம் ஒன்றிரண்டு தகவல் வரும். 'மட்டம் உயர்வு. காத்திருக்கிறது.' கொஞ்ச நேரத்தில் 'இயல்பு' என்று வரும். நுரை, நுரை, நுரை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நாள் காலையில் பாச்சலூர் டீக்கடையில் இருந்தேன். இரண்டு நாளாக விடாத மழை. அன்று காலைதான் கொஞ்சம் வெறித்திருந்தது. போன் அதிர்ந்தது. 'மட்டம் உயர்வு. காத்திருக்கிறது.' வடையைக் கடித்துக்கொண்டே பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டேன். உடனே உங்கள் போன்.

"தம்பி, சிவப்பு எரியுது."

"நுரைதான்க்கா. பத்து நிமிஷம் பாருங்க."

"எங்கேருந்துடா நுரை வரும்? மழைக்கு ரெண்டு நாளா எவனும் பழமே பறிக்கல. கொட்டகை மூடிக் கெடக்கு."

அக்கா, அந்த இடத்தில்தான் நான் ஊதியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. பழம் இல்லை என்றால் நுரை இல்லை. நுரை இல்லை என்றால் அது தண்ணீர். ஒரு குழந்தைக்கும் தெரியும். போனை எடுத்து ஒரு விரல் வைத்தால் போதும். விரலை வைக்கப்போனேன். ஒருவேளை முந்தாநாள் பழத்தை இன்று உரித்தால்? ஒருவேளை இதுவும் பொய்யாகிவிட்டால்? முகத்தைச் சேற்றில் அழுத்திய அந்தக் கை கண்முன் வந்தது. "இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாம்க்கா, அது தானா ஊதும்" என்றேன்.

நீங்கள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதை இங்கே எழுதவில்லை. ஆனால் அது எனக்கு மனப்பாடம்.

பத்து நிமிடம் ஆனது. போன் மறுபடி அதிர்ந்தது. 'தகவல் இல்லை. எச்சரிக்கை ரத்து.' எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அடித்து வந்த மரம் எதுவோ மேல் பாலத்துச் சென்சாரையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. பார்க்கக் கண் இல்லாததால், காத்திருந்த மெஷின் காத்திருப்பதையே விட்டுவிட்டது. இப்படி ஒன்று நடக்கலாம் என்று நான் யோசித்ததே இல்லை. தானாக ஊதும் என்று உங்களிடம் சொன்னேனே, அது இனி ஊதாது. போனில் ஊதும் பொத்தானை மாறி மாறிக் குத்தினேன். டவர் போயிருந்தது. பைக்கை எடுத்தேன்.

பாதி வழியில் கேட்டது, சைரன். நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது. நான் வண்டியை ஓட்டிக்கொண்டே கத்தினேன், சிரித்தேன்கூட. மெஷின் ஊதவில்லை என்றால் நீங்கள்தான். கவாத்துக் கத்தியால் பூட்டை உடைத்திருப்பீர்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பேச்சை முடித்த கையோடு உடைத்திருக்கிறீர்கள். டோலி தூக்கியவர்கள் பிறகு சொன்னார்கள். மழைக்கு அன்றும் வேலை இல்லாததால் ஆட்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். இந்தக் கரை ஒன்பது வீடும் உடனே ஏறிவிட்டது. வீட்டுக்காரரை டோலியில் ஏற்றிவிட்டு, "போங்கடா வெரசா, நான் பின்னால வாறேன்" என்று மறுபடி சுவிட்சுக்குப் போய்விட்டீர்களாம். அந்தக் கரை ஒன்பது வீட்டில் ஒருவரும் வெளியே வரவில்லை. நுரையைக் கண்டு கண்டு அலுத்துப்போனவர்கள். ஒருவர் கதவைத் திறந்து பார்த்து, மறுபடி சாத்திக்கொண்டாராம்.

கையை எடுத்தால் சைரன் நின்றுவிடும். கட்டி வைக்கவும் முடியாது. நீங்கள் முந்தானையைச் சுருட்டித் திணித்துப் பார்த்திருக்கிறீர்கள். குழிக்குள் பதித்திருந்தேனே, நிற்குமா? ஒரு கையால் அழுத்திக்கொண்டே வாசல் பக்கம் எட்டி, அந்தக் கரையைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறீர்கள். கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தி ஊதினீர்களாம், மறுபடி நிறுத்தி மறுபடி ஊதினீர்களாம். மெஷின் அப்படி ஊதாது. ஒரு ஆள் நின்று ஊதுகிறார் என்று அவர்களுக்கு அதில்தான் உறைத்திருக்கிறது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

நான் பள்ளிக்கூட மேட்டுக்கு வந்து வண்டியைப் போட்டபோது அந்தக் கரைச் சரிவில் கடைசிக் குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. சைரன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. "அக்கா, வந்துருங்க!" என்று நாங்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினோம். மேலே பாறைகள் உருளும் சத்தம் முதலில் வந்தது. பிறகு அது வந்தது. தண்ணீர் என்றே தோன்றவில்லை. மரமும் மண்ணும் பாறையும் எழுந்து நின்று ஓடிவந்தன. ஒரு பலாமரம் வேரோடு செங்குத்தாக நின்றபடி வந்து முதல் வீட்டை இடித்தது. ஓடுகள் பறந்தன. இரண்டாவது வீட்டுச் சுவர் உள்பக்கமாக மடிந்தது. ஒவ்வொரு வீடாக உடைத்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தது. கம்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. சைரன் நின்றது. நீங்கள் கையை எடுத்துவிட்டு ஓடினீர்களா, அல்லது தண்ணீர்தான் உங்கள் கையை எடுத்ததா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வாசலில் யாரையும் நான் பார்க்கவில்லை. ஒரு நொடி முன்பு வீடு இருந்தது. பிறகு அங்கே பழுப்பு நிறமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி மேட்டுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் சாவி. கொடுக்கத்தான் ஓடி வந்திருக்கிறான். சாவியைப் பார்த்ததும் எனக்குக் கண் இருண்டுவிட்டது. அவன் மேல் பாய்ந்தேன். கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, முகத்தில் மாறி மாறிக் குத்தினேன். மூக்கு உடைந்தது கையில் தெரிந்தது. கழுத்தைப் பிடித்தேன். நாலு பேர் இழுத்தும் விடவில்லை. அவன் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. கைகளை விரித்துப்போட்டுக் கிடந்தான். அன்று அவர்கள் இழுக்காவிட்டால் கொன்றிருப்பேன், அக்கா. இதில் பெருமை ஒன்றும் இல்லை. என்னை அடிக்க எனக்குத் தைரியம் இல்லாததால் அவனை அடித்தேன்.

இழுத்தவர்கள் என்னை டோலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் தரையில் போர்வைக்குள் கிடந்தார். நாம் காலரைப் பிடித்துச் சண்டை போட்டதையெல்லாம் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். இடது கையால் என் தலைமுடியைப் பிடித்து முகத்தருகே இழுத்தார். "கா...ல்... மணி" என்றார். அறைந்தார். "கால் மணி." மறுபடி அறைந்தார். கை ஓயும் வரைக்கும் அடித்தார். யாரும் தடுக்கவில்லை. நானும் முகத்தைத் திருப்பவில்லை.

மூன்றாம் நாள் உங்களை இரண்டு கல் தொலைவில், ஓடைத் திருப்பத்து மூங்கில் புதரில் கண்டெடுத்தோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன். மேஸ்திரியும் ஒருவன், மூக்கில் கட்டோடு. இருவரும் ஒரே மூங்கிலின் முன்னும் பின்னும் பிடித்தோம்.

காரியம் முடிந்த மறுநாள் பதினெட்டு வீட்டுப் பெண்கள் கடப்பாரையோடு மேலே போனார்கள். கொட்டகையிலிருந்து ஓடைக்குப் போகும் குழாயை அக்கக்காக உடைத்துப் போட்டார்கள். தடுக்க வந்தவன் கை முறிந்தது. அதற்கு அடுத்த வாரம் குழி வெட்டப்பட்டுவிட்டது. ஒரு வாரம்கூட ஆகாத வேலை அது. உங்கள் வீட்டுக்காரரை உங்கள் தங்கை மேட்டுப்பக்கம் கூட்டிப்போய் வைத்துக்கொண்டிருக்கிறார். போனால் சாயத்தண்ணி வரும். அவர் என்னைப் பார்ப்பார், பேசமாட்டார். போகாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

ஆபீசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் போனை வைத்துவிட்டு நான் வடை தின்றதையும் எழுதினேன். "இவ்வளவு வேண்டாம், இயற்கைச் சீற்றம் என்று போடு" என்றார்கள். போடவில்லை. வேலையை விட்டுவிட்டு அப்பாவின் டாக்சியை ஓட்டலாம் என்றுதான் இருந்தேன். பிறகு, இந்தப் பெட்டிகள் இன்னும் எத்தனை ஓடைகளில் காத்துக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் போய் அந்தக் காத்திருப்பை எடுத்தேன். சென்சார் பேச்சை நிறுத்தினாலும் சைரன் ஊதும்படி மாற்றினேன். ஒருமுறை தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் ஊதும் சுவிட்சு எல்லா ஊரிலும் வந்துவிட்டது. எதற்கும் பூட்டு இல்லை.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். தெரியாத ஆட்கள் நாலு பேர் வேகமாக நடந்து வந்தால் இன்றும் ஒதுங்கி நின்றுவிடுவேன். போன மாதம் ஒரு ஊரில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நல்ல மழையில் சைரன் ஊதியது. ஊரே மேட்டில் ஏறியது. பார்த்தால் வெள்ளம் இல்லை. மூங்கில் கொத்து ஒன்று வந்து சென்சாருக்கு நேர் கீழே சிக்கிக்கொண்டிருந்தது. ஒருவன் நிறைமாதப் பெண்டாட்டியை முதுகில் சுமந்து சேற்றில் ஏறியிருக்கிறான். வழியில் வழுக்கி அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நான் போய் இறங்கியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஏலே, ஒனக்கு வெளையாட்டா இருக்கா?" என்று அறைந்தான். காது அடைத்துவிட்டது.

"அண்ணே, ஊருல எல்லாரும் மேல ஏறிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஏறிட்டோம்டா, எல்லாரும்தான் ஏறித் தொலைச்சோம்!" என்று இன்னொன்று வைத்தான்.

அவன் தோளுக்குப் பின்னால் நின்றவர்களை எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது அடி விழுந்தது, நிறுத்தாமல் எண்ணினேன். கிழவர்கள், கைக்குழந்தைகள், ஒரு கட்டையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண். ஒருவர்கூடக் குறையவில்லை, அக்கா.